பேரும் ரொட்டியும்: மலையக வழக்குகளில் ஒரு வரலாறு



வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் நம் நினைவுக்கு வருகின்றன. மலையகத் தோட்டங்களில் வாழ்ந்து மறைந்த மக்களுக்கு இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை. அவர்களைப் பற்றி எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் பிறர். எத்தனை பேர் கரை இறங்கினார்கள், எத்தனை புசல் அரிசி கொடுக்கப்பட்டது, எவ்வளவு கடன் நிலுவையில் நின்றது என்பன துரைமாரின் கணக்கேடுகளில் உண்டு. அந்த மக்கள் என்ன நினைத்தார்கள் என்பது அவற்றில் இல்லை. ஆயினும் அவர்கள் தாமே எழுதிய ஏடு ஒன்று இருக்கிறது. அவர்கள் பேசும் சொல்லும், உண்ணும் உணவும், கும்பிடும் சாமியுமே அந்த ஏடு. ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் வழங்குகின்ற அந்த ஏட்டின் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820 களில் கம்பளைக்கு அண்மையில் சின்னப்பிட்டிய என்ற இடத்தில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் அமைத்தார். திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து ஏழைக் குடியானவர்கள் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்தனர். கோப்பி பறிக்கும் காலம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869 இல் கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1867 இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி அழிந்த இடமெல்லாம் தேயிலை பரவியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து உண்டு; ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். எனவே வந்தவர்கள் குடும்பமாகத் தங்கலாயினர். அப்பத்தா, அம்மாயி, ஆத்தா என்று பாட்டியை ஊருக்கு ஒரு பெயரால் அழைத்தவர்கள் ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்த அறைகளில் வாழ நேர்ந்தது. அந்தக் கூரைக்குப் பெயர்தான் லயம்.

லயம் என்ற சொல்லை இசையோடு சேர்த்து எண்ணுவோர் உண்டு. அது 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு. வரிசையாகக் கட்டப்பட்ட பட்டாளக் குடியிருப்பை ஆங்கிலேயர் அவ்வாறு அழைத்தனர். காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் பிரட்டுக்களம். பிரட்டு என்பது பட்டாள அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்பதன் திரிபென்று கொள்வர். தேயிலைச் செடியை வெட்டி மட்டப்படுத்துவது கவ்வாத்து. அகராதியைப் புரட்டினால் கவாத்து என்பதற்குப் படைப்பயிற்சி என்ற பொருளும் காணப்படும். உருது வழியாக வந்த சொல் அது. தங்குமிடம், கூடுமிடம், செய்தொழில் ஆகிய மூன்றிலும் பட்டாள வாடை வீசுவது தற்செயலாகத் தோன்றவில்லை. தொடக்க காலத் தோட்ட முதலாளிகளுள் படையதிகாரிகள் பலர். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் வாட்டர்லூப் போரில் கலந்துகொண்டவர்; கன்னொறுவையில் சொந்தமாகக் கோப்பித் தோட்டமும் வைத்திருந்தார். விடியற்காலையில் தப்படித்து ஆளை எழுப்பி, வரிசையில் நிறுத்தி, எண்ணி அனுப்புகின்ற ஒழுங்கு பாசறையிலிருந்து தோட்டத்துக்கு வந்தது. சட்டப் புத்தகம் அவர்களைத் தொழிலாளர் என்று சொன்னாலும், தோட்டத்துச் சொற்கள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகின்றன.

லயத்துக்குள் நுழைந்து பார்ப்போம். பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட அறை. அதற்குப் பெயர் காம்பரா, போர்த்துக்கேயச் சொல். அறைக்கு முன்னால் உள்ள சிறு திண்ணை இஸ்தோப்பு, ஒல்லாந்தர் சொல். அடுப்படி குசினி, மீண்டும் போர்த்துக்கேயம். வீட்டு வரிசை லயம், ஆங்கிலம். இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பியரும் அந்தப் பத்தடி அறைக்குள் குடியிருக்கின்றனர். இவற்றுள் இஸ்தோப்பும், கள்ளுக்கடையைக் குறிக்கும் தவறணையும், காலையில் உண்ணும் பாணும் இலங்கைக் கரையோரத்தில் முன்னரே வேரூன்றியிருந்த சொற்கள். அக்கரையிலிருந்து வந்தவர்கள் இம்மண்ணின் சொற்களைத் தம் வீட்டுச் சொற்களாக்கிக்கொண்டார்கள். யார் இந்நாட்டவர் என்ற வழக்கு பின்னாளில் எழுந்தபோது, இந்தச் சாட்சியை எவரும் கூப்பிடவில்லை.

இனி, என் மனத்தை மிகவும் தொட்ட சொல்லுக்கு வருகிறேன். 'பேர்' என்பது அந்தச் சொல். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கான சம்பளம் ஒரு பேர். "இன்னைக்குப் பேரா, அரைப்பேரா?" என்று கேட்பார்கள். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். பிந்தி வந்தால் பேர் இல்லை. செக்ரோல் எனப்படும் பேரேட்டில் ஒருவரது பெயருக்கு நேரே அடையாளம் இட்டால்தான் அன்றைய கூலி உண்டு; அதனால் பெயரே கூலிக்குப் பெயராயிற்று. பெற்றோர் ஆசையாய் வைத்த பெயர், மாலையில் நிறுவைத் தராசின் முன்னால் பாதியாய் வெட்டப்படுகிறது. நெடுங்காலம் இப்பேருக்கு என்ன விலை என்பதும் துரையின் விருப்பமாகவே இருந்தது. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் பின்னரே அதற்கொரு வரையறை ஏற்பட்டது. அப்போது மலைப்பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று விதித்தார்கள். பிள்ளைக்கும் பேர் போட்ட காலம் அது.

பேருக்கு அடுத்தது கடன். ஆட்களைத் திரட்டிவந்தவர் கங்காணி. கண்காணி என்ற தமிழ்ச் சொல்லே ஆங்கிலேயரின் சட்டங்களிலும் அகராதிகளிலும் ஏறியது. ஊரிலே கொடுத்த முற்பணம், தோணிச் செலவு, வழிச் சாப்பாடு எல்லாம் கடனாகத் தலையில் ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், கடன் தொகை எழுதிய சீட்டு ஒன்றைத் துரை கொடுப்பார். அந்தத் தொகையைச் செலுத்தும் துரைக்கு ஆள் மாறலாம். அச்சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். இது மனிதரைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றும் முறை. 1921 இல் சட்டம் போட்டு இதனைத் தடுத்தார்கள். துண்டு போயிற்று, முற்பணம் போகவில்லை. இன்றும் தீபாவளி வந்தால் தோட்டங்களில் முதற் பேச்சு பட்டாசும் பலகாரமும் பற்றியதன்று. 'முற்பணம் எவ்வளவு? எப்போது?' என்பதே முதற் பேச்சு. வாங்கிய முற்பணம் பின்வரும் மாதங்களில் சம்பளத்திலிருந்து சிறிது சிறிதாக வெட்டப்படும். ஒரு பண்டிகையின் பெயரோடு கடனின் பெயர் இவ்வாறு ஒட்டிக்கொண்டிருப்பதை வேறெங்கும் நான் கேள்விப்படவில்லை.

உணவுக்கு வருவோம். மலையகம் என்றால் ரொட்டி என்று எல்லோரும் சொல்வார்கள். கோதுமை தமிழகத்தில் இம்மக்கள் விட்டு வந்த வயல்களில் விளைந்த பயிரன்று, இலங்கையிலும் விளைவதில்லை. அங்கே அவர்கள் அறிந்திருந்தவை கம்பும் கேழ்வரகும் சோளமும் நெல்லுமே. தோட்டத்துக்கு வந்ததும் அவர்களுக்கு வாய்த்தது அரிசி. அதுவும் தோட்ட நிருவாகம் வழங்கிச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட அரிசி. 1942 இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபோது பர்மா அரிசி நின்றது. பங்கீடு வந்தது, அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா கொடுபட்டது. யுத்தம் முடிந்தும் மா வீட்டை விட்டுப் போகவில்லை. விடியுமுன் பிரட்டுக்குப் போக வேண்டிய பெண்ணுக்குத் தோசை மாவை ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைக்க நேரமேது? மாவைப் பிசைந்து தட்டிக் கல்லில் போட்டால் ரொட்டி. துணியில் முடிந்து மலைக்குக் கொண்டுபோகலாம், குளிரிலும் கெடாது, கறியில்லாமலும் உண்ணலாம். ஆகவே ரொட்டியைத் தெரிந்தெடுத்தது நாக்கு என்பதைவிடக் கடிகாரம் என்பதே பொருந்தும்.

அந்த ரொட்டியோடு கூட்டிச் சாப்பிடும் சம்பலைப் பாருங்கள். சம்பல் என்பது மலாய்ச் சொல். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் கப்பலில் கீழைநாடுகளுக்கு வந்தது. மாசிக் கருவாடு மாலைதீவிலிருந்து வருகிறது. தேங்காய் நம் கரையோரத்தது. பெரிய வெங்காயத்தைப் பம்பாய் வெங்காயம் என்கிறோம். பருப்பை மைசூர்ப் பருப்பு என்கிறோம். நுவரெலியாச் சந்தைக்குப் போனால் கோவா என்ற போர்த்துக்கேயப் பெயரில் ஒரு கீரையும், போஞ்சி என்ற ஒல்லாந்தப் பெயரில் ஒரு காயும், கரட், லீக்ஸ், பீட்ரூட் என்ற ஆங்கிலப் பெயர்களில் வேறு சிலவும் கிடைக்கின்றன. கொழுந்து மலையில் காலைத் தேத்தண்ணி வேளையில் கூடையை இறக்கிவைத்து, படங்குச் சாக்கின் மேல் அமர்ந்து ஒரு தாய் அவிழ்க்கும் சிறு பொதிக்குள் இத்தனை தேசங்கள் அடங்கியிருக்கின்றன. ஆனால் அந்த இரண்டு ரொட்டியும் எப்போதும் நிச்சயமாய் இருந்ததில்லை. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டு விலையும் ஏறியபோது, தோட்டங்களில் பசியால் மாண்டவர்கள் உண்டு. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டிய கைகளுக்கு அந்நிய நாட்டு மாவும் கிட்டாத காலம் அது. அந்நாளைக் கண்ட முதியவர்கள் ரொட்டித் துண்டைக் கீழே போட விடமாட்டார்கள். அது கஞ்சத்தனமென்று இளையோர் எண்ணலாம். அவர்களுக்கு அது நினைவு.

தேத்தண்ணியின் கதையும் சுவையானது. உலகில் இப்பானத்துக்குப் பெரும்பாலும் இரண்டே குலப் பெயர்கள்தாம். இரண்டும் சீனத்தில் பிறந்தவை. தரைவழியே சென்ற பெயர் 'சா'. அது பாரசீகம், இந்துஸ்தானம் எல்லாம் சுற்றிச் சாய் என்றாயிற்று. தென்சீனத்து ஃபூஜியன் துறைமுகத்திலிருந்து ஒல்லாந்தர் கப்பலேற்றிய பெயர் 'தே'. அதுவே ஆங்கிலத்தில் டீ ஆயிற்று. தமிழில் தேயிலை, தேநீர், தேத்தண்ணி என்பவை இந்தக் கப்பல்வழிப் பெயரின் பிள்ளைகள். தமிழகத்தின் சில பகுதிகளில் சாயா என்பது தரைவழிப் பெயரின் பிள்ளை. நல்ல தேயிலை இலண்டன் ஏலத்துக்குப் போனது; தூளும் கழிவும் பறித்தவருக்குக் கிடைத்தன. பால் விடாது, உள்ளங்கையில் சிறிது சீனியை வைத்து நக்கிக்கொண்டு சாயத்தண்ணி குடிக்கும் வழக்கத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஒரு கரண்டிச் சீனியில் ஐந்து பேர் தேத்தண்ணி குடிக்க வேறு என்ன வழி?

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, இம்மக்கள் கிடைத்ததை வாங்கிக்கொண்டவர்கள் மட்டுந்தானோ என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. அவர்கள் ஆக்கியதும் உண்டு. அதற்குச் சான்று ரோதை முனி. தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய சக்கரத்தை மக்கள் ரோதை என்றனர். போர்த்துக்கேயரின் 'ரோடா' சிங்களத்தில் ரோதய என்றாகித் தோட்டத் தமிழில் ரோதை ஆயிற்று. அந்தச் சக்கரத்திலே கையும் உயிரும் போன காலத்தில், அதைக் காக்கும் தெய்வமாய் ஒரு முனியை நிறுத்தினார்கள். ஆங்கிலேயரின் எந்திரம், போர்த்துக்கேயரின் பெயர், தமிழ்க் கிராமத்தின் முனி. மதுரைச் சீமையில் இப்படி ஒரு சாமி இல்லை. இது மலையில் பிறந்த சாமி. மாசி மாதத்தில் ஆடும் காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும் ஊரிலிருந்து கொண்டுவந்தவை. ரோதை முனியை அவர்கள் இங்கேதான் கண்டெடுத்தார்கள்.

துரைமாரும் தமிழ் கற்றார்கள் என்பதை இங்கு குறிப்பிட வேண்டும். சின்னத்துரைமாருக்கென்று அச்சிட்ட தமிழ்க் கைந்நூல் ஒன்றின் பெயர் 'இங்கே வா'. எம்மொழியையும் கற்கத் தொடங்குபவன் வணக்கத்தைத்தான் முதலில் கற்பான். இவர்கள் ஏவலில் தொடங்கினார்கள். தோட்டங்களுக்குத் தம் நாட்டுப் பெயர்களையும் இட்டார்கள். ஹட்டன் என்பதே ஸ்கொத்லாந்துச் சிற்றூர் ஒன்றின் பெயர். பூண்டுலோயாப் பக்கத்து டன்சினேன், சேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் வரும் குன்றின் பெயர். மக்கள் அவற்றை அப்படியே ஏற்கவில்லை. சிவனொளிபாத மலையடியில் டல்ஹௌசி என்று ஆங்கிலேயர் அழைத்த இடம் நமக்கு நல்லதண்ணி. பிரபுவின் பெயரை விட்டுவிட்டு, குடிக்கும் தண்ணீரின் பெயரைச் சொன்னார்கள்.

இதே காலத்தில் தமிழர் வேறு நாடுகளுக்கும் சென்றனர். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலும் கங்காணி உண்டு, லயம் உண்டு. ஆனால் இங்கே கணக்கப்பிள்ளை என்றால் அங்கே கிராணி. இங்கே பிள்ளை மடுவம் என்றால் அங்கே ஆயாக்கொட்டகை. மொரீசியசில் தைப்பூசக் காவடிக்கு அரசாங்க விடுமுறை உண்டு. பணத்தாளில் தமிழ் எண்ணும் அச்சிடப்படுகிறது. ஆனால் வீட்டிலே பேசும் மொழி கிரியோல். மொழியை இழந்தோர் சாமியையும் சமையலையும் பிடித்துக்கொண்டார்கள். நம் மலையகத்திலோ மொழி நின்றது. ஊர் கடலுக்கு அக்கரையில் கிட்டவே இருந்தது, போக்குவரத்து தொடர்ந்தது, தோட்டத்தின் எல்லை வேலி போல் சூழ்ந்திருந்தது, தோட்டப் பள்ளியும் தமிழிலேயே நடந்தது. நம்மை அடைத்து வைத்த வேலியே நம் மொழியையும் காத்தது என்பது கசப்பான உண்மையாகும்.

அந்த வேலியைப் பற்றி மேலும் ஒரு சொல் பேசுகிறது. தோட்டத்துக்கு வெளியே உள்ள சிங்களக் கிராமத்தை நம் முதியோர் 'நாடு' என்பர். 'நாட்டுக்குப் போய்ப் பலாக்காய் வாங்கி வந்தேன்' என்பது சாதாரணப் பேச்சு. நாடு வேலிக்கு அப்பால் இருந்தது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் சென்றனர். அவர்களுள் தலவாக்கலையில் வென்ற கவிஞர் ஸி.வி. வேலுப்பிள்ளையும் ஒருவர். அடுத்த ஆண்டே, 1948 இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. செக்ரோலில் நாள்தோறும் பேர் இருந்தது. வாக்காளர் இடாப்பில் பேர் இல்லை. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டது. கப்பலேறிப் போனவர்களுள் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தனர். இங்கே 1911 குடிசன மதிப்பு முதல் 'இந்தியத் தமிழர்' என்று எழுதப்பட்டவர்கள், அங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள். எஞ்சியோரின் குடியுரிமைக் குறை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது. 2023 இல், மலையகம் 200 என்ற நினைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்கள். மலையகத் தமிழர் என்று தம் பெயரைத் தாமே சொல்லிக்கொண்டு நடந்தார்கள்.

இந்துக் கல்லூரியொன்றில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிப்பவன் நான். ஒருமுறை 'என் வீடு' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி 'எங்கள் லயத்தில்' என்று எழுதி, அதை வெட்டி, 'எங்கள் இல்லத்தில்' என்று மாற்றியிருந்தாள். வெட்டிய கோட்டின் கீழே பழைய சொல் தெளிவாகத் தெரிந்தது. பிழையென்று எண்ணி வெட்டினாயா என்று கேட்டேன். "இல்லை சேர், வெக்கமா இருந்துச்சு" என்றாள். அவளது வெட்கம் எனக்கு விளங்கியது. லயம் பெருமைக்குரிய இடமன்று. அது இடிய வேண்டும். ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் எழும்பி வருவதைக் கண்டு மகிழ்கிறேன். இன்னும் வேகமாய் எழும்ப வேண்டும். ஆனால் கட்டடம் போகும் நாளில் சொல்லும் ஏட்டில் ஏறாமல் போய்விட்டால், அங்கே யார் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு நம் தரப்புச் சாட்சி ஒன்று குறைந்துவிடும். அவளிடம் அந்தச் சொல்லைத் திரும்ப எழுதச் சொன்னேன். பக்கத்தில், பாட்டியிடம் கேட்டு இன்னும் பத்துச் சொற்களை எழுதி வரச் சொன்னேன். மறுவாரம் இருபத்தொரு சொல் கொண்டுவந்தாள். அவற்றுள் நான்கு எனக்கே புதியவை.

மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்த ஸி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் இப்பணிக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். பாடலைப் போலவே தொழிற்சொல்லும் சமையற்சொல்லும் சாமிப்பெயரும் தொகுக்கப்பட வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை. ஓர் அப்பியாசக் கொப்பியும், பொறுமையாகக் கேட்கும் காதும் போதும். இவ்வுரையைக் கேட்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் இந்த விடுமுறையில் தத்தம் வீட்டு முதியவர்களிடம் 'துண்டு என்றால் என்ன? அரைப்பேர் என்றால் என்ன? ரொட்டிக்கு முன்னர் காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?' என்று கேட்டு, விடையைத் தோட்டத்தின் பெயரோடும் திகதியோடும் குறித்து வையுங்கள். சொன்னவரின் பெயரையும் மறவாமல் முழுதாக எழுதுங்கள்.